சட்டம் முந்தி, சபை பிந்தி

"நியூசிலாந்துலதான் எல்லாத்துக்கும் சட்டம் வந்தாச்சே, அப்புறம் உனக்கு என்னலே பிரச்சினை?" ஊரிலிருந்து பேசும் நண்பர்கள் அத்தனை பேரும் கேட்கிற கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஆனா ஒரு வரியில பதில் சொல்ல முடியாது. கிட்டத்தட்ட இருநூறு வருஷக் கதை இருக்கு. பொறுமையா வாங்க.

முதல்ல என்னைப் பற்றி ரெண்டு வார்த்தை, புதுசா வர்றவங்களுக்காக. திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. குடும்பம். அசனப் பண்டிகை, பாமாலை, ஓய்வுநாள் பள்ளி எல்லாம் பார்த்து வளர்ந்தவன். இப்போ ஆக்லாந்தில் முதுகலை படிக்கிறேன். தன்பாலீர்ப்பாளன். இதில் ஒன்றை விட்டால்தான் இன்னொன்று என்று இரண்டு பக்கத்திலும் சொல்றாங்க. எனக்கு ரெண்டும் வேணும். அதுக்குத்தான் இந்தப் பதிவு.

நம்ம ஊரு சபைக்கும் இந்த ஊரு சபைக்கும் ஒரு பழைய சொந்தம் உண்டு. ரேனியஸ் ஐயரை 1820ல் பாளையங்கோட்டைக்கு அனுப்பிய அதே சி.எம்.எஸ். மிஷன்தான் இங்கேயும் வந்தது. 1814 கிறிஸ்துமஸ் அன்று வடக்கே பே ஆஃப் ஐலண்ட்ஸ் பக்கம் சாமுவேல் மார்ஸ்டன் செய்த பிரசங்கத்தைத்தான் இந்த நாட்டுக் கிறிஸ்தவத்தின் தொடக்கமா சொல்றாங்க.

அந்த மிஷனுக்கு 1828ல் வந்தவர் வில்லியம் யேட். மாவோரி மொழியில் வேதப் பகுதிகளை அச்சேற்றியதில் பங்குள்ளவர். 1831ல் வடக்குத் தலைவர்கள் இங்கிலாந்து ராஜாவுக்கு எழுதிய மனுவிலும் அவர் கை உண்டு. 1836ல் ஒரு கப்பல் அதிகாரியோடு நெருக்கமா இருந்தார் என்று புகார் கிளம்பியது. பிறகு மாவோரி இளைஞர்களோடும் உறவு என்று வாக்குமூலங்கள் வந்தன. மிஷன் அவரை வெளியே தள்ளியது. அதோடு விடல. அவர் உடைமைகளை எரிச்சாங்க, குதிரையைச் சுட்டாங்க. குதிரை என்னங்க பாவம் பண்ணுச்சு?

யேட்டைத் தியாகி ஆக்க எனக்கு விருப்பம் இல்லை. அந்த இளைஞர்கள் மிஷனை அண்டி இருந்தவங்க. அங்கே அதிகாரம் யார் கையில் இருந்ததுன்னு கேட்டே ஆகணும். ஆனா ஒண்ணு. "இதெல்லாம் இப்போ மேற்கத்திய கலாச்சாரத்துல வந்தது, பழைய சபையில கிடையாது"ன்னு பேசுறவங்களுக்கு, இந்த நாட்டு சபையின் முதல் தலைமுறையிலேயே இந்த விஷயம் இருந்ததுன்னு சொல்லி வைக்கிறேன்.

அடுத்து சட்டம். நமக்கு 1860ல் 377வது பிரிவைக் கொடுத்த அதே பிரிட்டிஷ் பாத்திரத்திலிருந்துதான் இங்கேயும் பரிமாறினாங்க. 1961ம் வருஷக் குற்றச் சட்டப்படிகூட, இரண்டு வளர்ந்த ஆண்கள் சம்மதத்தோடு உறவு கொண்டால் ஏழு வருஷம் வரை சிறை.

1985 மார்ச்சில் ஃபிரான் வைல்ட் என்ற தொழிற்கட்சி எம்.பி. இதை மாற்ற மசோதா கொண்டுவந்தார். நாடே ரெண்டா பிரிஞ்சது. எதிர்ப்பாளர்கள் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினாங்க. அந்த வேலையில் முன்னால் நின்றது இரட்சணிய சேனை. செப்டம்பர் 24 அன்று பெட்டி பெட்டியாக நாடாளுமன்றப் படிக்கட்டுக்குக் கொண்டு வந்து, எட்டு லட்சத்துக்கும் மேல் கையெழுத்து என்றார்கள். நாட்டின் மொத்த ஜனத்தொகையே அப்போ 33 லட்சம் சுமார்தான், நாலில் ஒருத்தர்னு கணக்கு! பிரிச்சுப் பார்த்தா சில பெட்டிகள் ஏறக்குறையக் காலி. 1986 ஜூலை 9ல் மசோதா 49க்கு 44 என்ற கணக்கில் நிறைவேறியது. ஐந்தே ஓட்டு.

எதிர்த்தவங்க பெரும்பாலும் பைபிளோடு வந்தவங்க. அதனாலேயே இங்குள்ள தன்பாலீர்ப்பாளர்கள் மத்தியில் "நான் கிறிஸ்தவன்"னு சொன்னா, குறிப்பா வயசானவங்க, ஒரு நிமிஷம் நம்மை ஏற இறங்கப் பார்ப்பாங்க. அவங்க வீட்டுக் கதவைத் தட்டி அவங்களுக்கு எதிராகவே கையெழுத்து கேட்டது சபை ஆட்கள். அது எப்படி மறக்கும்? இரட்சணிய சேனை 2006ல் அதற்கு வருத்தம் தெரிவித்தது. இருபது வருஷம் ஆச்சு.

ஆனா 1986 சட்டம் பாதிதான். குற்றம் இல்லை என்றது. பாகுபாடு காட்டக்கூடாது என்ற பகுதி அப்போது தோற்றுப்போனது. 1993 மனித உரிமைச் சட்டத்தில்தான் அது வந்தது. வேலை, வாடகை வீடு, கடை, கல்லூரி எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு. ஆனா சபைக்குப் போதகரைத் தேர்ந்தெடுக்கும் விஷயத்தில், மதக் கொள்கையைக் காட்டி மறுக்கலாம் என்று ஒரு விலக்கு. என் கதை மாட்டிக்கிட்டிருப்பது இந்த விலக்குக்குள்ளேதான்.

இதற்கு ஆக்லாந்திலேயே வழக்கு நடந்தது. ஜீனோ சிஸ்னெரோஸ் என்பவர் ஆங்கிலிக்கன் குருவாக விரும்பினார். இன்னொரு ஆணோடு சேர்ந்து வாழ்ந்தவர். குருத்துவத்துக்கான முதல் கட்டத் தேர்வுக்கே மறைமாவட்டம் அவரை எடுக்கவில்லை. வழக்கு மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது. பிஷப் தரப்பு சொன்ன பதிலின் சாரம்: தன்பாலீர்ப்பாளர் என்பதால் மறுக்கவில்லை, திருமணத்துக்கு வெளியே உறவில் இருப்பதால் மறுத்தோம், இது ஆண் பெண் எல்லாருக்கும் ஒரே விதி. 2013ல் தீர்ப்பாயம் பிஷப் பக்கம் தீர்ப்பு சொன்னது.

கேட்க நியாயமா இருக்குல்ல? ஆனா சபையின் சட்டத்தில் திருமணம்னா ஆணும் பெண்ணும் மட்டும். கல்யாணம் ஆகலன்னு வெளியே நிறுத்துறாங்க, கல்யாணமும் பண்ணி வைக்க மாட்டாங்க. வாசல்ல பூட்டைப் போட்டுட்டு ஏன் லேட்டுன்னு கேக்குற மாதிரி :-)

இதே 2013ல்தான், ஏப்ரல் 17 அன்று, நாடாளுமன்றம் 77க்கு 44 என்று தன்பாலர் திருமணத்தைச் சட்டமாக்கியது. மசோதாவைக் கொண்டுவந்தவர் லூயிசா வால். மாவோரி பெண், தன்பாலீர்ப்பாளர், நெட்பாலிலும் ரக்பியிலும் நாட்டுக்காக ஆடியவர். அவர் தொகுதி தெற்கு ஆக்லாந்தின் மனுரேவா. சமோவா, டோங்கா மக்களின் சபைகள் தெருவுக்குத் தெரு இருக்கிற பக்கம் அது. நாசரேத்திலோ மெஞ்ஞானபுரத்திலோ ஒரு வேட்பாளர் இதைச் சொல்லி ஓட்டுக் கேட்பதை நினைச்சுப் பாருங்க, அவர் தைரியம் புரியும்.

சபைகள் எல்லாம் ஒரே மாதிரி நகரவில்லை. மெதடிஸ்டுகள் 1997லேயே வெளிப்படையான தன்பாலீர்ப்பாளரான டேவிட் ப்ரோமெலைப் போதகராக ஏற்றார்கள். அதில் மனம் கசந்து ஒரு கூட்டம் பிரிந்து போனது. பிரஸ்பிட்டேரியன்கள் 2006ல் எதிர்த்திசையில் ஓட்டுப் போட்டார்கள். ஆங்கிலிக்கன்கள் வருஷக்கணக்கில் பேசிப் பேசி, 2018ல் ஒரு நடுவழி கண்டுபிடித்தார்கள்: வெளியே பதிவுத் திருமணம் செய்துவிட்டு வரும் ஜோடிக்கு, பிஷப் அனுமதித்தால், குருவுக்கும் மனமிருந்தால், ஆசீர்வாத ஜெபம் செய்யலாம். கல்யாணம் வெளியே, ஜெபம் உள்ளே. இதுக்கே ஒரு பகுதி பிரிந்துபோய் 2019ல் தனிச் சபை தொடங்கிட்டாங்க.

நம்ம ஊர்ல கல்யாணத்துக்கு முன்னால ஆராதனையில ஓலை வாசிப்பாங்கல்ல? இன்னார் மகன் இன்னாருக்கும் இன்னார் மகள் இன்னாருக்கும்னு. சின்ன வயசுல என் பேரை எப்போ வாசிப்பாங்கன்னு கணக்குப் போட்டிருக்கேன். இந்த ஊரிலும் எனக்குக் கிடைக்கக்கூடியது ஓலை இல்லை, ஆசீர்வாதம் மட்டும்தான். அதைச் சின்ன விஷயம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அது வேற.

நடைமுறை வாழ்க்கை எப்படின்னா, எனக்கு ஞாயிற்றுக்கிழமைக்கு ரெண்டு சபை. ஒன்று தமிழ் ஐக்கியம், பெயர் வேண்டாம். பாமாலை பாடி, புளியோதரை சாப்பிட்டு, "தம்பிக்கு எப்போ கல்யாணம்?" என்று கேட்கும் ஆன்ட்டிகளிடம் சிரிச்சு மழுப்பணும். இன்னொன்று நகர மையத்தில் செயின்ட் மேத்யூஸ். 1905ல் திறந்த கல் கோயில். பக்கத்திலேயே 328 மீட்டர் ஸ்கை டவரும் சூதாட்ட விடுதியும் :-) 2012 கிறிஸ்துமஸுக்கு, தொட்டில் குழந்தை இயேசுவுக்கு வானவில் ஒளிவட்டம் போட்டுப் பெரிய விளம்பரப் பலகை வைத்து வம்பை விலைக்கு வாங்கிய கோயில். அங்கே யாரும் என்னைக் கல்யாணம் பற்றிக் கேட்பதில்லை. ஆனா அங்கே தமிழ் இல்லை. முழு ஆளாக ஒரே இடத்தில் உட்கார முடியாத கஷ்டத்துக்கு எந்தச் சட்டத்திலும் பிரிவு கிடையாது.

அரசியல் மட்டும் ஓய்ந்ததா? 2004ல் சிவில் யூனியன் மசோதா வந்தபோது, ஆக்லாந்தின் டெஸ்டினி சர்ச் ஆட்கள் கறுப்புச் சட்டையில் வெலிங்டனில் ஊர்வலம் போனாங்க. மசோதா 65க்கு 55ல் ஜெயிச்சது. 2022ல், ஜெபம் பண்ணியோ சிகிச்சை என்றோ ஒருவரின் பாலீர்ப்பை "மாற்றும்" வேலைகளுக்குத் தடை வந்தது. ஆதரவு 112, எதிர்ப்பு 8. ஆனாலும் 2025 பிப்ரவரியில் அதே டெஸ்டினி ஆட்கள் மேற்கு ஆக்லாந்து நூலகம் ஒன்றில் குழந்தைகள் நிகழ்ச்சிக்குள் புகுந்து ரகளை செய்தார்கள்.

இந்தியாவிலும் 2018ல் 377 செயலிழந்தது. 2021ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இப்படி "மாற்றும்" சிகிச்சைகளைத் தடுக்கச் சொன்னார். திருமணத்தை மட்டும் 2023ல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. அங்கேயும் சட்டம் முன்னால போகுது, சபை பின்னால வருது.

ஒன்று மட்டும் இந்த வரலாற்றிலிருந்து எனக்குத் தெளிவா தெரியுது. சட்டத்தை 49 கைகள் ஒரே நாளில் மாற்றின. சபையை அப்படி யாரும் வெளியிலிருந்து மாற்றவில்லை. கிடைத்த கொஞ்சமும், எழுந்து போகாமல் பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தவங்களால் கிடைத்தது. எழுந்து போனவங்களை நான் குறை சொல்ல மாட்டேன், அவங்க பட்ட காயம் அப்படி. நான் இப்போதைக்கு உட்கார்ந்திருக்கேன்.