கருவாலிக் கட்டையின் தரம்

கருவாலி (ஓக்) மரக்கட்டையின் தரம், மரத்தின் இனத்தை மட்டுமன்றி அது வளர்ந்த காட்டின் சூழலையும் பொறுத்து அமைகின்றது. மரங்களுக்கு இடையிலான இடைவெளி, ஒளி, மண், நீர் ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. ஐரோப்பாவில் கட்டைக்காக வளர்க்கப்படும் முக்கிய கருவாலி இனங்கள் குவேர்க்கசு ரோபர், குவேர்க்கசு பெட்ரேயா என்பனவாகும்.

ஆண்டு வளையமும் அடர்த்தியும்

கருவாலி, வளையத் துளைக்கட்டை வகையைச் சேர்ந்தது. ஒவ்வோர் ஆண்டும் வசந்த காலத்தில், நீரைக் கடத்தும் அகன்ற குழாய்கள் நிறைந்த முன்பருவக் கட்டை உருவாகின்றது. கோடையில் தடித்த சுவர்களைக் கொண்ட நார்கள் மிகுந்த பின்பருவக் கட்டை உருவாகின்றது. இரண்டும் சேர்ந்ததே ஓர் ஆண்டு வளையம் ஆகும்.

முன்பருவக் கட்டையின் அகலம் ஆண்டுக்காண்டு பெரிதும் மாறுவதில்லை. ஆகவே மரம் விரைவாக வளரும்போது கூடுவது பெரும்பாலும் பின்பருவக் கட்டையே. இதனால் விரைவாக வளர்ந்த கருவாலி அடர்த்தியும் வலிமையும் மிக்கதாக உள்ளது. மெதுவாக வளர்ந்த கருவாலி எடை குறைந்தும் மென்மையாகவும் இருக்கும். மெதுவாக வளர்ந்த மரமே உறுதியானது என்னும் கருத்து பைன் போன்ற ஊசியிலை மரங்களுக்குப் பெரும்பாலும் பொருந்தும், கருவாலிக்குப் பொருந்தாது.

எனினும் மெதுவாக வளர்ந்த கட்டை தரம் குறைந்தது அன்று. அது இழைப்பதற்கு எளிதானது. உலரும்போது குறைவாகவே சுருங்கும். எனவே தளபாடங்களுக்கும் மெல்லிய மேலொட்டுப் பலகைகளுக்கும் அது விரும்பப்படுகின்றது.

மரங்களின் இடைவெளி

நெருக்கமான காட்டில் ஒளியைத் தேடி மரங்கள் உயரமாகவும் நேராகவும் வளர்கின்றன. ஒளி கிடைக்காத கீழ்க்கிளைகள் பட்டு உதிர்வதால் அடிமரம் கணுக்கள் அற்றதாகின்றது. திறந்த வெளியில் வளரும் மரம் குட்டையான அடிமரத்தையும் பரந்த கிளைகளையும் கொண்டிருக்கும். இத்தகைய வளைந்த கிளைகள் பலகைக்கு ஏற்றவை அல்ல. ஆனால் மரக்கப்பல்களின் விலாச்சட்டங்களுக்கு அவையே தேவைப்பட்டன.

நெருக்கமான காட்டைத் திடீரெனக் கலைத்துவிட்டால், அடிமரத்தில் ஒளி பட்டு உறங்குநிலை மொட்டுகள் துளிர்த்துப் புதிய கணுக்கள் உருவாகும். இதைத் தடுப்பதற்காகக் கருவாலிகளின் கீழே பீச் போன்ற நிழல் தாங்கும் மரங்கள் வளர்க்கப்படுகின்றன.

மண்ணும் நீரும்

வளமான, ஈரம் உள்ள மண்ணில் வளையங்கள் அகலமாகின்றன. கூழாங்கல் கலந்த, விரைவில் உலரும் மண்ணில் வளரும் மரங்களின் உட்கட்டையில் வெடிப்புகள் மிகுதியாகக் காணப்படுகின்றன. இவ்வெடிப்புகள் பெரும்பாலும் மரத்தை வெட்டிய பின்னரே தெரியவருவதால் இழப்பு பெரிதாகின்றது.

பிரான்சில்

நடுப் பிரான்சின் அல்லியே மாவட்டத்திலுள்ள டிரோன்சே காடு சுமார் 10,600 எக்டேர் பரப்புடையது. பதினான்காம் லூயியின் அமைச்சரான கோல்பேர், கடற்படைக்கு மரம் கிடைப்பதற்காக 1670 இல் இக்காட்டைச் சீரமைக்கத் தொடங்கினார். ஆனால் 19 ஆம் நூற்றாண்டில் போர்க்கப்பல்கள் இரும்புக்கு மாறின. சத்துக் குறைந்த அமில மண்ணில் நெருக்கமாக வளரும் இக்காட்டின் குவேர்க்கசு பெட்ரேயா மரங்கள் குறுகிய வளையங்களைக் கொண்டவை. இன்று இவை வைன் பீப்பாய்களுக்குப் பெயர்பெற்றவை. லிமூசன் பகுதியில் இடைவெளியுடன் வளரும் குவேர்க்கசு ரோபர் மரங்கள் அகன்ற வளையங்களும் மிகுந்த தனினும் உடையவை. அவை கோன்யாக் மதுவுக்குப் பயன்படுகின்றன.

பாரிசின் நோட்ரே டேம் பேராலயம் 2019 ஏப்ரல் 15 அன்று தீப்பற்றியது. அதன் ஊசிக்கோபுரத்தை மீண்டும் எழுப்புவதற்காக, 2021 மார்ச்சு மாதத்தில் பெர்சே காட்டிலிருந்து 200 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வயதுடைய 8 கருவாலிகள் வெட்டப்பட்டன. இத்தனை நீளமான, நேரான அடிமரங்கள் நெருக்கமாகப் பேணப்பட்ட காடுகளிலேயே கிடைக்கின்றன. விதைக்கும்போது தீர்மானிக்கப்படும் இடைவெளியின் பயன் தெரியவருவதற்கு இரு நூற்றாண்டுகள் ஆவதால், கருவாலிக் காடுகளின் மேலாண்மைத் திட்டங்கள் பல தலைமுறைகளுக்குத் தொடர வேண்டியவையாக உள்ளன.