கந்தையும் வரலாறும்

1799ஆம் ஆண்டுப் போருக்குப் பின்னர், பாஞ்சாலங்குறிச்சிப் பாளையத்தோடு எங்கள் ஏழாயிரம்பண்ணைப் பாளையத்தையும் கும்பெனியார் பறிமுதல் செய்தனர். சரித்திர நூல்களில் எங்கள் ஊருக்குக் கிடைத்திருக்கும் இடம் ஏறக்குறைய அந்த ஒரு வரிதான். பாளையக்காரரைப் பற்றிக் கும்பெனியாரின் கடிதங்களிலேனும் குறிப்பு உண்டு. அவருடைய கரிசல் நிலத்தில் பருத்தி எடுத்த பெண், மார்கழிப் பனியில் தன் குழந்தைக்கு எதைப் போர்த்தினாள் என்று எந்தக் கடிதமும் கூறாது. மாணவ நண்பர்களே, அந்தப் போர்வையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

கிழிந்த சேலைகளை அடுக்கிக் கையால் தைத்த போர்வை அது. இத்தகைய பொருளுக்குத் தொல்பொருட் சான்று கிடைப்பது மிக அரிது. எங்கள் ஊருக்கு அருகிலுள்ள வெம்பக்கோட்டையில் 2022 முதல் தமிழ்நாடு தொல்லியல் துறையினர் நடத்திய அகழாய்வில் சுடுமண் தக்களிகள் கிடைத்தன. நூல் நூற்ற கருவி நிலைத்தது; நூற்ற நூல் நிலைக்கவில்லை. ஈரமும் கறையானும் பருத்தியை விட்டுவைப்பதில்லை அல்லவா?

வறண்ட பாலை நிலத்தின் கதை வேறு. சீனத்தின் வடமேற்கேயுள்ள தூன்ஹுவாங் குகைகளிலிருந்து 1907இல் ஆரல் ஸ்டைன் கொண்டு சென்ற பொருள்களுள், பல துண்டுகளை இணைத்துத் தைத்த பௌத்தத் துறவியின் மேலாடை ஒன்றும் உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட அந்த ஆடை இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிறர் எறிந்த துணிகளைப் பொறுக்கித் தைத்து உடுப்பது பௌத்தத் துறவியரின் பழைய ஒழுக்கம். வரப்பு வரப்பாகப் பிரிந்து கிடந்த மகத நாட்டு வயல்களைக் காட்டி, அந்த அமைப்பிலேயே சீவர ஆடையைத் தைக்குமாறு புத்தர் ஆனந்தருக்குக் கூறினார் என்று விநய நூல் சொல்கிறது. உழவனின் வயலைப் பார்த்துத் துறவியின் ஆடை அமைந்தது என்னும் செய்தி எனக்கு எப்பொழுதும் வியப்பூட்டுவது.

கந்தை என்னும் நம் சொல்லும், தைத்த போர்வையைக் குறிக்கும் காந்தா என்னும் வங்கச் சொல்லும் ஒரே வடமொழிச் சொல்லோடு தொடர்புடையவை. நமக்கு அச்சொல் இழிவைக் குறிக்க, வங்காளிகளுக்கோ அது ஒரு கலையின் பெயராயிற்று! சேலைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலாலேயே தாமரையும் மீனும் தைத்தனர் அந்நாட்டுப் பெண்கள். ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்த குருசதய் தத் அவற்றைச் சிற்றூர்களிலிருந்து தேடிச் சேர்த்தார். கவிஞர் ஜசீமுத்தீன் 1929இல் வெளியிட்ட நெடுங்கவிதைக்கு அத்தகைய போர்வை ஒன்றே பெயராயிற்று. கருநாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி மக்களும் கவந்தி என்னும் போர்வையைத் தைக்கின்றனர். ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கித் தைத்துச் செல்வது அவர்கள் வழக்கம். நான்கு மூலைகளிலும் பூ என்று பெயர் சொல்லிச் சிறு துணி மடிப்புகளை வைத்துத் தைத்தாலன்றி வேலை முடிந்ததாகக் கருதமாட்டார்கள்.

எங்கள் பக்கத்துப் போர்வையில் பூவும் இல்லை, மீனும் இல்லை. ஆகவே அதைச் சேர்த்து வைக்க எவரும் வரவில்லை போலும். ஆயினும் அதன் வேலைப்பாடு எளிதன்று. சேலை எல்லா இடத்திலும் ஒரே அளவாக நைவதில்லை. தரையில் உரசும் ஓரமும், அமரும் பகுதியும் முதலில் போய்விடும். என் பாட்டி துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, எங்கே கண்ணறை தெரிகிறது என்று பார்த்த பின்னரே மடிப்பார். நைந்தவை உள்ளே செல்லும். உறுதியானவை மேலும் கீழும் அமையும். நான்கு மூலைகளிலும் கல்லை வைத்து, சுருக்கம் விழாதபடி இழுத்து, ஊசியை மேலும் கீழுமாக நெருக்கமாக ஓட்டுவார். ஓர் இழை அறுந்தாலும் அடுத்த வரிசை துணியைப் பிடித்துக்கொள்ளும். அடுக்குகளுக்கு இடையே தங்கும் காற்றே குளிரைத் தடுக்கிறது. பலமுறை துவைத்த பருத்தியின் மென்மை புதுத்துணிக்கு வராது. ஆதலால் பச்சிளங் குழந்தைக்குப் பழந்துணியே ஏற்றது. மேல்துணி கிழிந்தால் அதன்மேல் வேறொரு சேலையை வைத்துத் தைப்பார்கள். ஒரு போர்வையைப் பிரித்தால் உள்ளே அதனினும் பழைய போர்வை இருக்கும்.

இரண்டாம் உலகப் போரின்போது துணிப் பஞ்சம் நாட்டை வாட்டியது. 1943இல் அரசாங்கம் பருத்தித் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பித்தது. பருத்தி விளையும் ஊரிலேயே உடுக்கத் துணி கிட்டாத அந்த நாள்களில், போர்வையைப் பிரித்து உட்சேலையை உடுத்தவர்களும் இருந்தார்கள் என்று பாட்டி சொல்லுவார். விளைந்த பஞ்சு தூத்துக்குடித் துறைமுகத்திற்கும் ஆலைகளுக்கும் போயிற்று. திரும்பி வரும்போது விலையோடு வந்தது. இதைப் பாட்டி குறையாகச் சொன்னதில்லை. எனக்குத்தான் இன்றும் ஆறவில்லை.

பாலியெஸ்டர் சேலை பெருகிய பின்னர் இக்கைவேலை அருகியது. அத்துணி எளிதில் நைவதில்லை. நைந்தாலும் வியர்வையை உறிஞ்சாது, போர்வைக்கு ஆகாது. எனினும் எங்கள் வட்டாரத்தில் பருத்தியாடைக்கு வேறொரு தேவை ஏற்பட்டது. செயற்கை இழை உராய்ந்து நிலைமின்சாரம் உண்டாகும். வெடிமருந்துக்கு அந்தச் சிறு பொறியே போதும். ஆகையால் பட்டாசுத் தொழிற்சாலைகளில் வேலை செய்வோர் பருத்தியாடை உடுக்க வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. அவ்வாறு உடுத்து நைந்த சேலைகள் இப்பொழுது போர்வையாவது அரிது. அச்சு இயந்திரத்தின் மை துடைக்கப் போகின்றன. சில வீடுகளில் மட்டும், தொட்டில் கட்டும் சேலை போக எஞ்சியதை மடித்து, கிழவிகள் இன்னும் ஊசி கோக்கிறார்கள்.