பார்ப்பதும் பாத்துக்கிடுவதும்: காவல்கூலியிலிருந்து கேமரா வரை

1

காவல் என்கிற சொல்லை நாம் மொத்தமாகப் போலீசுக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். காவல் நிலையம், காவல் துறை, காவலர் என்று அது இன்று அரசாங்கத்தின் சொல். ஆனால் ராயகிரி, சிவகிரி, வாசுதேவநல்லூர், நெற்கட்டும்செவல் என்று மலையடிவாரத்தை ஒட்டிக் கிடக்கும் ஊர்களில் அந்தச் சொல்லுக்கு வேறொரு வரலாறு உண்டு. கூலி பேசி, எல்லை பிரித்து, பொருள் களவு போனால் ஈடு கட்டுவதாக ஒப்புக்கொண்டு, ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரின் உடைமையைப் 'பாத்துக்கிட்ட' வரலாறு அது.

இப்போது அதே ஊர்களில் வீட்டு வாசலுக்கு மேலே கேமரா ஏறிக்கொண்டிருக்கிறது. மக்கள் சென்னையிலும் திருப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்க, வீட்டில் வயசானவர்கள் மட்டும் இருக்கிறார்கள். 'என்ன கேமரா வாங்கலாம், எங்கே மாட்டலாம்?' என்று கேட்கிறார்கள். கடைக்காரர் அதற்கு விலையும் மெகாபிக்சலும் சொல்லுவார். எனக்குப் படுவது, இந்தக் கேள்வி இந்தப் பகுதிக்குப் புதிதல்ல என்பதுதான். யாருடைய கண், எந்த வாசலை நோக்கி, தவறினால் யார் பொறுப்பு என்பது இருநூறு வருஷங்களுக்கு மேலாக இங்கே பேசித் தீராத விவகாரம். கேமரா முதல் இரண்டுக்கும் பதில் வைத்திருக்கிறது. மூன்றாவதைப் பற்றி வாயே திறப்பதில்லை.

2

பாளையப்பட்டுக் காலத்தில் காவல் இரண்டு வகை. ஒரு கிராமத்தையும் அதன் வயல், களம், மாடுகன்றுகளையும் காப்பது ஸ்தலகாவல். பாதைகளும் பல கிராமங்களும் சேர்ந்த ஒரு பரப்பைக் காப்பது தேசகாவல். அதைத் திசைகாவல் என்றும் சொன்னார்கள். திருநெல்வேலிச் சீமையின் மேற்குப் பகுதியில் பெரும்பாலும் மறவர் பாளையக்காரர்கள் கையில் இது இருந்தது. கூலி நெல்லாகவும் பணமாகவும், ஏருக்கு இவ்வளவு, வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலானது. கூலி வாங்கியவன் எல்லைக்குள் பொருள் திருட்டுப் போனால் ஒன்று மீட்டுத் தர வேண்டும், இல்லையென்றால் அதன் மதிப்பைத் தர வேண்டும். காவல் முறையின் உயிர்நாடி இந்த நிபந்தனைதான்.

இதைப் பொற்காலமாக்க நான் வரவில்லை. காவல்கூலி தர மறுத்தவனின் வைக்கோல் படப்பு இரவில் தீப்பிடிக்கும். தொழுவத்து மாடு காணாமற்போகும். பிறகு ஒருவர் வந்து 'துப்பு'ச் சொல்லுவார். அதற்குத் 'துப்புக்கூலி' கொடுத்தால் மாடு திரும்பி வரும். திருடியவனும் துப்புச் சொன்னவனும் காவல்காரனும் ஒரே ஊர்க்காரர்களாக இருப்பதும் உண்டு. 1799 முதல் இங்கே கலெக்டராக இருந்த லஷிங்டன், தேசகாவல் வசூலைக் கொள்ளை என்றே கும்பினிக்கு எழுதினார். அவர் எழுதியதில் உண்மை இருந்தது. அவருக்கு ஒரு நோக்கமும் இருந்தது. அந்த வசூல் கும்பினியின் கஜானாவுக்குப் போக வேண்டும் என்பதே அது.

ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காவல்காரனுக்கு முகம் இருந்தது. அவன் வீடு எங்கே என்று ஊருக்குத் தெரியும். அவனைக் கூப்பிட்டுச் சாவடியில் நிறுத்திக் கேட்க முடிந்தது. அவன் கண்ணுக்குக் கூலி கொடுத்தவனுக்கு அந்தக் கண்மீது ஓர் உரிமை இருந்தது.

3

1801இல் பாளையங்கள் ஒடுக்கப்பட்டன, ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. 1803இல் பாளையங்கள் ஜமீன்களாயின. 1816ஆம் ஆண்டுச் சட்டம் தலையாரியைக் கிராமப் போலீஸ் ஆக்கியது. 1859இல் மதராஸ் போலீஸ் சட்டம் வந்தது. காகிதத்தில் காவல் முறை செத்துவிட்டது. ஊரில் அது சாகவில்லை, சட்டத்துக்கு வெளியே போனது, அவ்வளவே. 1896இல் திண்டுக்கல் பக்கத்துக் குடியானவர்கள் 'பண்டு' என்று பொதுநிதி சேர்த்துக் கள்ளர் காவலைத் தள்ளிவைத்தார்கள். கூடவே கள்ளர் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. ஒரு கண்ணை வேண்டாம் என்று சொல்லவும் வன்முறை தேவைப்பட்டது.

அடுத்து நடந்ததுதான் தலைகீழ் மாற்றம். வட இந்தியாவில் 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் மதராஸ் மாகாணத்துக்கும் நீண்டது. பிரமலைக் கள்ளர்களும் பின்னர் மறவர்களில் ஒரு பிரிவினரும் அதற்குள் கொண்டுவரப்பட்டார்கள். கைரேகை பதிய வேண்டும், இரவில் போலீஸ் ஸ்டேஷனில் ஆஜராக வேண்டும், வெளியூர் போனால் சீட்டு வாங்கிப் போக வேண்டும். இதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. மதராஸ் மாகாணத்தில் இச்சட்டம் 1947இல்தான் ரத்தானது. பார்த்தவன் பார்க்கப்படுகிறவனாக மாற ஏறத்தாழ நூறு வருஷம்தான் ஆனது. நேற்றுவரை ஊரின் கண்ணாக இருந்தவனுடைய விரல் இன்றைக்கு அரசாங்கத்தின் பதிவேட்டில். இந்த ஞாபகம் இல்லாமல் இந்தப் பகுதியில் 'கண்காணிப்பு' என்று ஒரு கட்டுரை எழுதவே கூடாது என்பது என் எண்ணம்.

4

கண்காணிப்பு என்றதும் நம் சிற்றிதழ்க்காரர்கள் ஃபூக்கோவுக்குப் போவார்கள். 1975இல் வந்த அவருடைய நூலில், பெந்தாம் 1791இல் அச்சிட்ட வட்டச் சிறைச்சாலைத் திட்டம் நவீன அதிகாரத்தின் உருவகமாகிறது. நடுவில் கோபுரம், சுற்றிலும் அறைகள், கோபுரத்தில் ஆள் இருக்கிறானா என்று கைதிக்குத் தெரியாது, ஆகவே அவன் தன்னைத்தானே கண்காணித்துக்கொள்கிறான். இந்த உருவகம் நமக்கு நிறையச் சொல்லிக்கொடுத்தது. ஆனால் அப்படியே கொண்டுவந்து ராயகிரித் தெருவில் நிறுத்தினால் நிற்காது. இங்கே கோபுரம் கிடையாது. பார்ப்பவனும் பார்க்கப்படுகிறவனும் எதிரெதிர் வாசல். இருவருக்கும் சாதி தெரியும், வரப்புத் தகராறு தெரியும், யார் வீட்டுப் பெண் யாரோடு பேசினாள் என்பது தெரியும். முகமற்ற அதிகாரத்தைவிட, முகம் தெரிந்த அதிகாரமே இங்கே கேமராவைக் கையில் எடுக்கிறது.

அக இலக்கியம் படித்தவர்களுக்கு இது புரியும். அங்கே காவல் என்பது திருடனுக்கு மட்டும் எதிரானதல்ல. ஊர்க்காவலர், குரைக்கும் நாய், உறங்காத தாய் எல்லாம் இரவுக்குறிக்குத் தடைகள். அலர் பரவினால் அடுத்தது இற்செறிப்பு, பெண்ணை வீட்டுக்குள் அடைப்பது. பொருளைக் காக்கும் கண்ணும் பெண்ணைக் காக்கும் கண்ணும் நம் மரபில் ஒரே கண்.

என் மதினி ஒருத்தர் இருக்கிறார். வெளியூரில் இருக்கிற மகன் திண்ணையைப் பார்க்கக் கேமரா மாட்டிக் கொடுத்தான். நல்ல பிள்ளை, அக்கறையில்தான் செய்தான். அதற்குப் பிறகு மதினி திண்ணையில் உட்காருவதை விட்டுவிட்டார். 'அவன் பாத்துக்கிட்டே இருக்கானோன்னு இருக்கு தம்பி. பக்கத்து வீட்டுக்காரி வந்தாக்கூட உள்ள கூட்டிட்டுப் போயிருதேன்' என்றார். திருடனுக்காக மாட்டிய கேமரா முதலில் அப்புறப்படுத்தியது வீட்டுக்காரியை.

5

கேமரா தேவையே இல்லை என்று சொல்லவும் எனக்கு மனமில்லை. 2016 ஜூன் 24 காலை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டபோது அந்த நிலையத்தில் கேமரா இல்லை. பக்கத்துத் தெருக் கேமராக்களில் பதிந்த உருவத்தை வைத்துத்தான் தேடல் நடந்தது. அடுத்த ஆண்டுகளில் சென்னைப் போலீஸ் 'மூன்றாவது கண்' என்று பெயர் வைத்து வீட்டுக்காரர்களையும் கடைக்காரர்களையும் கேமரா மாட்டச் சொன்னது. சிவனின் நெற்றிக்கண் எரிக்கிற கண். இந்தக் கண் எரிக்காது, அணைக்கவும் செய்யாது. பதியும்.

பதிவதன் பொருள் என்ன என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. 2019 ஆகஸ்டில், கடையத்தை அடுத்த கல்யாணிபுரத்தில், தோட்டத்து வீட்டின் முன்னே உட்கார்ந்திருந்த முதியவரின் கழுத்தைப் பின்னாலிருந்து துணியால் இறுக்கினான் ஒருவன். முகமூடியும் அரிவாளுமாக இரண்டு பேர். அவர் மனைவி வெளியே ஓடிவந்து கையில் கிடைத்த செருப்பையும் நாற்காலியையும் வீசினார். அவரும் திமிறி எழுந்து சேர்ந்துகொண்டார். வந்தவர்கள் ஓடினார்கள், போகிறபோக்கில் தங்கச் சங்கிலியோடு. நாடு முழுக்க அந்தப் படத்தைப் பார்த்தது. சுதந்திர தினத்தில் அந்தத் தம்பதிக்கு அரசு வீரதீர விருது தந்தது. பார்த்தது கேமரா. பாத்துக்கிட்டது அந்த இரண்டு பேர். முகமூடி போட்டவன் முகத்தைக் கேமரா தராது. போன சங்கிலிக்கு அது ஈடும் கட்டாது.

6

சரி, மாட்டத்தான் வேண்டும் என்றால் எங்கே, எதை? இதில் தொழில்நுட்பம் வேறு, அறம் வேறு என்று பிரிக்க முடியாது.

2.8 மில்லிமீட்டர் லென்ஸ் அகலமாகப் பார்க்கும். தெருவே தெரியும், ஆனால் சாதாரண 2 மெகாபிக்சல் கேமராவில் சுமார் 10 அடிக்கு அப்பால் உள்ள முகத்தை இன்னார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. 6 மில்லிமீட்டர் லென்ஸ் குறுகலாகப் பார்க்கும்; சுமார் 25 அடி வரை முகம் பிடிபடும். ஆக, தெரு முழுசும் தெரிய வேண்டும் என்று அகலக் கேமராவைத் தெருப்பக்கம் திருப்பி வைப்பவருக்குத் திருடன் முகம் கிடைக்காது. யார் எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் போனார்கள் என்பதுதான் கிடைக்கும். நடையையும் சட்டையையும் வைத்து ஊர்க்காரரை அடையாளம் காண ஊர்க்காரருக்கு அது போதும். அந்நியனைப் பிடிக்க உதவாத கேமரா அண்டை வீட்டானைப் பிடிக்க நன்றாகவே உதவுகிறது.

எட்டு முதல் பத்தடி உயரம் போதும். அதற்கு மேலே போனால் உச்சந்தலைதான் பதியும். கிழக்குப் பார்த்த வாசல் என்றால் காலை வெயில் நேரே லென்ஸில் அடிக்கும், வந்தவன் கறுப்பு நிழலாவான். மேற்குப் பார்த்ததற்கு மலைக்குப் பின்னே இறங்கும் சாயங்கால வெயில். கேமராவைக் கீழ்நோக்கிச் சாய்த்து வாசற்படியையும் நிலையையும் பிடித்தால் வெயிலும் தவிரும், எதிர்வீட்டு முற்றமும் தவிரும். இரவில் கேமராவின் அகச்சிவப்பு வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், வலை கட்டிவிட்டால் ராத்திரி முழுக்க வெள்ளை மூட்டம்தான். பதிவுப் பெட்டியை டிவிக்குப் பக்கத்தில் வைத்தால் திருடன் அதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போவான். வாங்கும்போது இருந்த பாஸ்வேர்டை மாற்றாவிட்டால் உங்கள் வாசலை யாரோ எங்கிருந்தோ பார்ப்பார்கள். 2025 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும் என்று விதி வந்தது இதனால்தான்.

இன்னொன்று, எத்தனை நாள் வைத்திருப்பது. நாலு கேமராவுக்கு 1 டெராபைட் டிஸ்க் என்றால், பதிவின் தரத்தைப் பொறுத்து ஒரு வாரம், இரண்டு வாரம் தாங்கும். பிறகு பழையது அழிந்து புதியது ஏறும்.

7

அந்த 1 டெராபைட் ஒரு முக்கியமான எண். 2020 ஜூனில் சாத்தான்குளம் போலீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட தந்தையும் மகனும் அடுத்தடுத்து இறந்தபோது, விசாரிக்கப் போன கோவில்பட்டி மாஜிஸ்திரேட் உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை தந்தார். நிலையத்துக் கேமராப் பெட்டியில் 1 டெராபைட் இடமிருந்தும், பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தன. கண் திறந்தே இருந்தது, நினைவைத்தான் பிடுங்கியிருந்தார்கள். போலீஸ் சொன்ன கதையை மறுத்தது வெளியே ஒரு கடைப்பக்கத்துக் கேமரா. அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் போலீஸ் நிலையங்களில் எங்கெங்கே கேமரா வைக்க வேண்டும் என்று பட்டியலே போட்டது: நுழைவாயில், லாக்கப், நடைவழி, வராந்தா, ஆய்வாளர் அறை, பின்பக்கம். பதிவுகளைப் பதினெட்டு மாதம் வைத்திருக்க வேண்டும் என்றது. கேமராவை எங்கே மாட்டுவது என்பது அரசியல் கேள்வி என்று நான் சொன்னால் சிலர் சிரிக்கலாம். அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2022 செப்டம்பரில், இதே சங்கரன்கோவில் வட்டாரத்துப் பாஞ்சாகுளத்தில், தின்பண்டம் வாங்க வந்த தலித் பிள்ளைகளிடம் 'ஊர்க் கட்டுப்பாடு, இனி தர மாட்டோம்' என்று கடைக்காரர் சொன்னார். அதைச் செல்போனில் படம் எடுத்து மற்றவர்களுக்கு அனுப்பியதும் அவரே. கேமரா தன்னைக் காட்டிக்கொடுக்கும் என்ற பயமே அங்கே இல்லை. பார்க்கிறவர்களெல்லாம் தன் பக்கத்து ஆட்கள்தான் என்ற நிச்சயம் இருந்தது. படம் வெளியே போய், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கைதுகள் நடந்து, குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் ஊருக்குள் நுழைய நீதிமன்றம் ஆறு மாதம் தடை போட்ட பிறகே அந்த நிச்சயம் உடைந்தது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் 2023ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தன் சொந்த, வீட்டு உபயோகத்துக்காக வைத்துக்கொள்ளும் தரவைத் தொடுவதில்லை. ஆகவே தெருவைப் பார்க்கும் வீட்டுக் கேமராவின் பொறுப்பு, சட்டம் வருகிறவரை, மாட்டுகிறவர் கையில்தான்.

பழைய காவல்காரனை நாம் திரும்பக் கொண்டுவர முடியாது, கொண்டுவரவும் கூடாது. அவனிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: பார்த்தால் பதில் சொல்ல வேண்டும். கேமரா மாட்டுகிறவர் எதிர்வீட்டாரைக் கூப்பிட்டுத் திரையில் என்ன தெரிகிறது என்று ஒருமுறை காட்டட்டும். எத்தனை நாளில் அழியும், யார் யார் போனில் தெரியும் என்பதைச் சொல்லட்டும். 'எங்க முற்றம் தெரியுது, கொஞ்சம் திருப்புங்க' என்று அடுத்த தெருக்காரர், அவர் எந்தச் சாதிக்காரராக இருந்தாலும், வந்து சொல்லத் துணிகிற ஊரில்தான் கேமரா காவலாகும். சொல்லப் பயப்படுகிற ஊரில் அது இன்னொரு ஊர்க் கட்டுப்பாடு.