பெரட்டில் பெயர் இருந்தது, கையில் கார்டு இல்லை

தோட்ட வேலைக்கு அடையாளக் கார்டு கேட்காத காலம் ஒன்று இருந்தது. பீடோங் வட்டார ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக் களத்தில் கிராணியார் பெயர் கூப்பிடுவார். அவர் புத்தகத்தில் பெயர் இருந்தால் வேலையும் உண்டு, லயத்து வீடும் உண்டு. பிள்ளைகளும் அதே தோட்டத்தில் பால்வெட்டப் போனார்கள். பத்திரத்தைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. அந்த அலட்சியத்திற்குப் பேரப்பிள்ளைகள் இன்று விலை கொடுக்கிறார்கள்.

1957-இல் நாடு சுதந்திரம் பெற்றபோது, அதற்குமுன் இங்கு பிறந்தவர்களும் தமிழகத்திலிருந்து வந்தவர்களும் பலர் பிரஜாவுரிமைக்கு மனுச் செய்ய வேண்டியிருந்தது. வசித்த காலத்தைக் காட்ட வேண்டும்; ஓரளவு மலாய் தெரிந்திருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டாளிகள் பலர் மனுச் செய்யாமலே இருந்துவிட்டனர். அவர்களிடம் சிவப்பு அடையாளக் கார்டே தங்கியது.

அடி 1969-இல் விழுந்தது. 1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, பிரஜை அல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் எடுக்க வேண்டும் என்றாயிற்று. பல ஆண்டுகள் உழைத்த தோட்டத்திலேயே அனுமதி கேட்கும் நிலை! பல்லாயிரம் பேர் இந்தியாவுக்கே கப்பலேறினர்.

பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்ட நிலங்கள் சில வீடமைப்புக்குப் போயின. இளைஞர்கள் சுங்கைப்பட்டாணி தொழிற்சாலைகளுக்கு வேலை தேடிச் சென்றனர். அங்கே முதல் கேள்வியே நீலக் கார்டு. ஊழியர் சேமநிதி, வங்கிக் கணக்கு, வாகன லைசென்ஸ் எல்லாவற்றுக்கும் அதுவே திறவுகோல். அது இல்லாதவருக்கு மிஞ்சியது அன்றாடக் கூலி.

ஐரோப்பாவின் ரோமா மக்களுக்கும் இதே கதைதான். 1990-களில் யுகோஸ்லாவியா சிதறியபின், பிறப்புப் பதிவு இல்லாத ரோமா குடும்பங்கள் பல முறையான வேலைக்கு வெளியே நின்றன.

நம்மிடையே இன்னொரு தவறும் சேர்ந்தது. 1982 மார்ச் 1 முதல் திருமணப் பதிவு கட்டாயம். ஆனால் கோயிலில் தாலி கட்டியதோடு நிறுத்திக்கொண்டவர்கள் உண்டு. பதிவில்லா மணத்தில் பிறந்த பிள்ளைக்குச் சட்டம் தாயின் நிலையையே பார்க்கும். தாயிடம் பத்திரமில்லையென்றால் தந்தையின் நீலக் கார்டு உதவாது.

2011-இல் அரசாங்கம் நடத்திய மைடஃப்தார் பதிவு இயக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் மனுக்களோடு வந்தபோதுதான் சிக்கலின் ஆழம் தெரிந்தது. 2024 அக்டோபரில், நிரந்தரவாசிகளின் பிள்ளைகளுக்குப் பிறப்பால் கிடைத்துவந்த பிரஜாவுரிமையை நீக்கும் திருத்தத்தை மக்களவை நிறைவேற்றியது. சிவப்புக் கார்டுக் குடும்பங்கள் இனியும் தாமதிக்க முடியாது.

பிறப்பையும் திருமணத்தையும் உடனே பதியுங்கள். அண்டை வீட்டில் பத்திரமில்லாத பிள்ளை இருந்தால், தேசியப் பதிவிலாகாவுக்கு நீங்களே கூட்டிச் செல்லுங்கள்.