எசாவா, கெய்ரோஸா?

ஆங்கிலப் பள்ளியில் யான் கற்ற விதிகளுள் ஒன்று: நூலாசிரியரின் பெயரை முதன்முறை முழுமையாக எழுதுக, அடுத்த முறை கடைசிப் பெயரை மட்டும் எழுதுக. சார்லஸ் டிக்கன்ஸ் இரண்டாம் வாக்கியத்தில் டிக்கன்ஸ் ஆவார். தாமஸ் ஹார்டி ஹார்டி ஆவார். இவ்விதியைக் கைக்கொண்டு, போர்த்துக்கல் நாட்டு நாவலாசிரியர் எசா தெ கெய்ரோஸைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப் புகுபவன் இரண்டாம் வாக்கியத்திலேயே இடறுவான். இவரைக் கெய்ரோஸ் என்பதா, தெ கெய்ரோஸ் என்பதா, எசா என்பதா? ஆங்கிலத்தில் எழுதுவோரிடம் மூன்று வழக்கும் காணப்படுகின்றன.

இது வெறும் இலக்கணச் சண்டை என்று வாசகர் தள்ளிவிட வேண்டா. இப்பெயருக்குள் ஒரு தாயின் கதை அடங்கிக் கிடக்கிறது. செக்ரோல் புத்தகத்தில் பெயர் பதிந்து பிழைக்கும் தோட்டத்துக் கிராணியாகிய என்னை அக்கதை எளிதில் விடவில்லை.

போர்த்துக்கீசியர் வழக்கில் பிள்ளைக்குத் தாய்வழிக் குடும்பப் பெயர் முன்னும், தந்தைவழிப் பெயர் பின்னும் நிற்கும். நம் நாவலாசிரியர் 1845 நவம்பர் 25ஆம் நாள் போவோவா தெ வர்சீம் என்ற கடற்கரையூரிலே பிறந்தார். தந்தை தெய்ஷெய்ரா தெ கெய்ரோஸ், நீதித்துறை உத்தியோகஸ்தர். தாய் கரொலினா அகுஸ்தா பெரெய்ரா தெசா. இருவருக்கும் அப்போது மணமாகவில்லை. ஞானஸ்நானப் பதிவேட்டிலே தந்தையின் பெயர் எழுதப்பட்டது. தாயோ இன்னாரென அறியப்படாதவள் என்று குறிக்கப்பட்டாள். 1849இல் பெற்றோர் மணம் புரிந்துகொண்டனர். ஆயினும் பிள்ளை அவ்வீட்டிற்கு அழைத்து வரப்படவில்லை. செவிலி ஒருத்தியிடமும், பிறகு தந்தையைப் பெற்றோரிடமும், பிறகு போர்த்தோ நகரப் பள்ளியிலுமாக வளர்ந்தது. 1886இல், தமது நாற்பதாம் வயதில், அவர் திருமணம் செய்துகொண்டார். பெற்றோர் அவரைச் சட்டப்படி தம் மகனென்று ஏற்றுக்கொண்டது அத்திருமணத்தை ஒட்டியேதான்.

உலகத்தில் பெரும்பாலும் ஏட்டிலே மறைக்கப்படுவது தகப்பன் பெயர். இங்கோ குலப்பெண்ணின் மானத்தைக் காப்பாற்றப் பெற்றவளையே ஏட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். பெண்ணைக் காப்பதாகச் சொல்லிப் பெண்ணை இல்லாமற் செய்யும் இந்த வித்தை நமக்கும் புதிதன்று.

நிற்க. அந்தப் பிள்ளை வளர்ந்து, போர்த்துக்கீசிய உரைநடையின் பேராசானாகியபோது, நாடு அவரை எப்பெயரால் அழைத்தது? 'எசா' என்றே அழைத்தது. இன்றும் அப்படியே அழைக்கிறது. ஏடு மறைத்த தாயின் பெயர் மக்களின் வாயிலே நிலைத்துவிட்டது. தாயின்பால் இரக்கங்கொண்டு மக்கள் இவ்வாறு செய்தார்கள் என்று யான் சொல்ல வரவில்லை. எசா என்பது சிறிய பெயர், அரிய பெயர்; நாவுக்கு எளிது. வேடிக்கை யாதெனில், அவருடைய எழுத்துப் பாணியைக் குறிக்கும் உரிச்சொல் மட்டும் 'கெய்ரோசியானோ' என்று தந்தை பெயரிலிருந்து பிறந்தது. ஆளுக்குத் தாய் பெயர், பாணிக்குத் தந்தை பெயர்!

1878இல் அவருடைய 'பசிலியோ மைத்துனன்' நாவலைக் கடுமையாகக் கண்டித்த பிரேசில் எழுத்தாளர் மஷாதோ தெ அசிஸின் நிலையும் இதுவே. அசிஸ் தந்தை வழி. மஷாதோ தாய் வழி. அவரையும் அவர் நாட்டார் மஷாதோ என்றே சொல்லுகின்றனர்.

இனி ஆங்கில வாக்கியத்திற்கு வருவோம். கடைசிப் பெயர் விதிப்படி 'கெய்ரோஸ்' என்று எழுதலாம்; பிழையாகாது. ஆனால் உடைமை காட்டும்போது, முன்னமே 'ஸ்' ஒலியில் முடியும் சொல்லுக்கு இன்னொரு 'ஸ்' சேர்ப்பதா, மேற்குறி மட்டும் இடுவதா என்ற பழைய தகராறு கிளம்பும். 'தெ' என்பதையும் சேர்த்து எழுதுவோர் உளர். போர்த்துக்கீசியர் பெயரைச் சுருக்கிச் சொல்லும்போது அவ்விடைச்சொல்லை விட்டுவிடுவார்கள். 'எசா' என்றெழுதினால் வேறொரு துன்பம்: 'சி' என்ற ஆங்கில எழுத்தின் அடியில் ஒரு சிறு வால் தொங்க வேண்டும். அச்சுக்கோப்பவர் அதை விட்டுவிட்டால், படிப்பவர் 'எக்கா' என்பார்! கெய்ரோஸ் என்பதிலும் கடைசி எழுத்து பழைய நூல்களில் 'இசட்' ஆக இருக்கும்; 1911ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்குப் பின் 'எஸ்' ஆயிற்று. ஆசிரியர் ஒருவரே என்பதை அறியாதார் இருவரென மயங்கவும் கூடும்.

எசா என்று எழுதுவதே தக்கது என்பது என் துணிபு. ஒருவரை அவருடைய மக்கள் அழைக்கும் பெயரால் அழைப்பதே மரியாதை. ஆங்கிலேயரும் தம்மவருக்கு இச்சலுகையைத் தந்துள்ளனர். 1916 முதல் 1922 வரை பிரதம மந்திரியாயிருந்த லாயிட் ஜார்ஜின் தந்தை பெயர் ஜார்ஜ் மட்டுமே. லாயிட் தாய்வீட்டுப் பெயர். அவரை வெறும் ஜார்ஜ் என்றா சரித்திரம் எழுதிற்று?

நம் பெயர்கள் படும் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. முனியாண்டி மகன் இராமசாமிக்கு ஆங்கிலத்தில் கடிதம் வந்தால், அது 'மிஸ்டர் முனியாண்டி' என்று விளிக்கும். இறந்து பல்லாண்டாகிய தகப்பனுக்கு வந்ததோவென்று கையில் வைத்துக்கொண்டு திகைத்தவரை யான் கண்டிருக்கிறேன்.

எசா தூதரக உத்தியோகத்தில் 1874 முதல் 1888 வரை நியூகாசிலிலும் பிரிஸ்டலிலும் இருந்தார். அந்த ஆண்டுகளில் உழைத்து, 1888இல் வெளியிட்ட பெருநாவலுக்கு அவர் வைத்த தலைப்பே ஒரு குடும்பப் பெயர்: 'மாயாக்கள்'. குடும்பப் பெயரின் முன்னே சுட்டும் பின்னே பன்மையும் சேர்த்தால் குடும்பம் முழுவதையும் குறிக்கும் என்பதில் மட்டும் ஆங்கிலமும் போர்த்துக்கீசியமும் ஒத்துப்போகின்றன. கதையிலே, ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளென்று அறியாமல் கார்லோஸும் மரியா எதுவார்தாவும் காதல் கொள்கின்றனர். உண்மையை வெளிப்படுத்துவது தாய் விட்டுச் சென்ற ஒரு பெட்டிக் காகிதங்கள். இந்நாவலை எழுதும்போது ஞானஸ்நானப் பதிவேடு அவர் நினைவில் இருந்ததோ, இல்லையோ!

இவரைப் படிக்க விரும்பும் அன்பர்கள் ஆங்கில நூல்நிலையத்தில் 'இ' எழுத்துப் பலகையில் தேடி ஏமாற வேண்டா. நூற்பட்டியலில் பெரும்பாலும் கெய்ரோஸ் முன்னும் எசா பின்னுமாக, 'க்யூ' எழுத்தின் கீழேயே இவரை வைத்திருப்பார்கள். அங்கிருந்து நூலை எடுத்து முன்னுரையைத் திறந்தால், எழுதியவர் இவரை எசா என்று சொல்லக் காண்பதும் உண்டு.