தூரமானி சொல்லும் வரலாறு

வாகனம் ஓடிய தூரத்தை அளக்கும் கருவி மோட்டார் காருக்கு மிக மூத்தது. கி.மு. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானியக் கட்டடக் கலைஞர் விற்றுவியஸ், ஒவ்வொரு மைலுக்கும் ஒரு கல் பெட்டியில் விழும் வண்டியொன்றைப் பற்றி எழுதிவைத்துள்ளார். பெட்டியிலிருந்து நாலு கல்லை எடுத்து வீசினால் நாலு மைல் குறைந்துவிடும்! அந்தச் சூழ்ச்சி அழியவில்லை. தூரமானியைப் பின்னோக்கித் திருப்புவதைத் தடுக்க அமெரிக்கா 1972இல் சட்டமே இயற்றவேண்டியிருந்தது.

எமது நாட்டில் 1960களின் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. முன்னரே வந்திருந்த மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் கைமாறிக் கைமாறிப் பல தசாப்தங்கள் ஓடின. அவற்றின் மானிகள் 99,999 மைலைக் கடந்ததும் மீண்டும் சுழியத்தில் தொடங்கும். எவரும் கைவைக்காமலே கிழவன் குமரனாகிவிடுவான்.

1990இல் வடக்கின் மீது பொருளாதாரத் தடை விழுந்தது. பெற்றோல் கிடைக்காத அக்காலத்தில், சில துளி பெற்றோலில் இயக்கி மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்ட கார்களை யாழ்ப்பாணத்து வீதிகளில் கண்டோம். வேறு சில ஆண்டுக்கணக்கில் கொட்டிலில் நின்றன. இரண்டுமே அதிகம் ஓடாதவைதாம். ஆனால் மண்ணெண்ணெய் இயந்திரத்தை அரித்ததையும், நின்ற காரின் இறப்பர் வெடித்ததையும் எந்த மானியும் பதியவில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கு வழி திறக்கும்வரை, பாவித்த கார்களின் விலை எட்டாத உயரத்துக்குப் போயிற்று. ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பு அந்தச் சில இலக்கங்களை நம்பிக் கைமாறுகிறது. இன்றைய இலத்திரனியல் மானியையும் கணினி கொண்டு மாற்றிவிடலாம்.

ஒருவரின் வாக்குமூலத்தை மட்டும் வைத்துச் செய்தி எழுதலாகாது என்பது பத்திரிகைத் தொழிலின் பாலபாடம். காருக்கும் அதுவே விதி. யப்பானிலிருந்து வந்த காராயின் ஏலத்தாளை உரிய நிறுவனத்திடமே சரிபாருங்கள். சேர்விஸ் பதிவுகளின் திகதியும் தூரமும் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிச் செல்கின்றனவா என்று நோக்குங்கள். மிதிகளின் இறப்பர், ஸ்டியறிங், சாரதி ஆசனத்தின் ஓரம் ஆகியவை பொய் சொல்லத் தெரியாத சாட்சிகள். ரயரிலுள்ள நாலு இலக்கங்களில் முதலிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 எனில் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். இருபதாயிரம் கிலோமீற்றரே ஓடியதென்னும் காரில் நாலு ரயரும் பின்னர் மாற்றப்பட்டிருந்தால், காரணம் கேளுங்கள்.

தூரம் உண்மையாகவே குறைவெனினும் கவனம் வேண்டும். பிறேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும், பற்றறி நலியும், இயந்திரத்தின் ரைமிங் பெல்ற் இறப்பராயின், ஓடாவிட்டாலும் ஆண்டுக்கணக்கில் முதுமையடையும். நம்பிக்கையான மெக்கானிக் ஒருவர் காரின் அடிப்புறத்தையும் பார்க்கட்டும். எவ்வளவு ஓடியது என்று கேட்பதோடு நின்றுவிடாமல், எங்கே, எவ்வாறு, யாரிடம் இருந்தது என்றும் கேளுங்கள். விலை பேசுவது அதன் பிறகுதான்.