தேங்காய் சுடும் நோம்பிக்கு ஒரு தலைப்பு

ஆடி முதல் நாளில் புதுச்சத்திரம், இராசிபுரம், சேலம் பக்கத்து ஊர்களிலும், மேற்கே ஈரோடு, தெற்கே கரூர் வரையிலும் வீட்டு வாசல்களில் தீ மூட்டுவார்கள். நார் உரித்து, ஓடு வழவழப்பாகும்வரை தரையில் தேய்த்த தேங்காய். மஞ்சள் பூசி அதன் கண்ணில் செருகிய நீளக் குச்சி. உள்ளே பாசிப்பருப்பு, அவல், எள், பொட்டுக்கடலை, வெல்லம். ஓடு கருகி வெடிக்கும்வரை சுட்டு, பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு உடைத்துத் தின்பார்கள். இந்தத் தித்திப்புக்குக் கலைக்களஞ்சியத்தில் தனித் தலைப்பு தரலாமா, ‘ஆடி’ என்ற தலைப்புக்குள் இரண்டு வரி எழுதினால் போதுமா? தனித் தலைப்பு தந்தே ஆகவேண்டும் என்று நினைக்கிறேன். தகுதியை எந்த அளவுகோலால் பார்க்கிறோம் என்பதில்தான் வழக்கே இருக்கிறது.

எழுத்தில் ஏறிய பண்டங்கள் இரண்டு வாசல் வழியாக வந்தவை. ஒன்று கோயில். விஜயநகரக் காலத் திருமலைக் கல்வெட்டுகளில் அதிரசப்படியும் அப்பப்படியும் இடம்பெற்றதற்குக் காரணம், அவற்றுக்கு அரிசியும் நெய்யும் அளந்து கொடுக்கக் கட்டளை இருந்தது. கணக்கு எழுத வேண்டியிருந்தது. மற்றொன்று கடை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019இல், கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020இல் புவிசார் குறியீடு பெற்றன. விற்பவர்கள் சங்கமாகக் கூடி விண்ணப்பிக்க முடிந்தது. ஆண்டுக்கு ஒரே நாள் வாசலில் சுட்டு அன்றைக்கே தின்று முடிக்கிற பண்டத்துக்குக் கட்டளையும் கிடையாது, சங்கமும் கிடையாது. அதனால் பதிவும் மெலிந்துபோனது. தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை 10 தொகுதிகளாகக் கொண்டுவந்த கலைக்களஞ்சியத்தின் முதன்மை ஆசிரியர் பெரியசாமித் தூரன், மொடக்குறிச்சிக்கு அருகிலுள்ள மஞ்சக்காட்டுவலசில் 1908இல் பிறந்தவர். இந்த நோம்பி நடக்கும் சீமைக்காரர். அப்படிப்பட்டவரே ஆனாலும், களஞ்சியம் தொகுப்பவர் முன்னோர் எழுதிவைத்ததன் மேல்தான் கட்ட முடியும். எழுதியவர்கள் கோயிலையும் சந்தையையும் பார்த்தார்கள் என்றால், வாசலில் எரிந்த தீ விடுபட்டுத்தான் போகும்.

கொழுக்கட்டைப் பூரணத்தைத் தேங்காய்க்குள் அடைத்தால் இது, இதில் தனியாக என்ன இருக்கிறது என்று கேட்கலாம். செய்முறையைக் கவனித்தால் விடை அதிலேயே இருக்கிறது. தேங்காயின் மூன்று கண்களில் ஒன்றுதான் மெதுவானது. அதைத் துளைத்துத் தண்ணீரை வடித்து, கலவையை உள்ளே போட்டு, வடித்ததில் கொஞ்சத்தைத் திரும்ப ஊற்றிக் குச்சியால் அடைக்கிறார்கள். இனி தேங்காய்தான் பானை, குச்சிதான் மூடியும் பிடியும். பாசிப்பருப்பு தேங்காய்த் தண்ணீரில் வேகிறது, வெல்லம் கரைகிறது, தேங்காய்ப் பருப்பிலிருந்து கசியும் எண்ணெய் அதில் சேர்கிறது. உள்ளே ஈரம் இருக்கும்வரை சூடு கொதிநிலையைத் தாண்டிப் பெரிதாக ஏறாது; அதனால் வெளியே ஓடு கரியானாலும் உள்ளே இருப்பது தீய்வதில்லை. ஓடு விரிசல் விடும் ஓசையே பதம். குச்சி பச்சையாக இருக்கவேண்டும், காய்ந்தது தீயில் போய்விடும். அதனால்தான் ஆடி பிறப்பதற்குச் சில நாள் முன்னே சேலத்துக் கடைவீதிகளில் அழிஞ்சில் குச்சிகள் கட்டுக்கட்டாக விற்பனைக்கு வருகின்றன. சமைக்கும் பாத்திரமே உண்ணும் பொருளாகவும் ஆகிற ஒரு முறை, பூரணத்தின் கிளைவகை என்று சொல்லி முடிக்கக்கூடியதல்ல. அந்த வெல்லத்துக்கும் ஊர் உண்டு: பரமத்திவேலூர்ப் பக்கத்து ஆலைக்கொட்டகைகளில் காய்ச்சி, பிலிக்கல்பாளையம் சந்தையில் 30 கிலோ சிப்பங்களாக ஏலம் போகிறது. கரும்பும் தென்னையும் காவிரிக்கரையில் அடுத்தடுத்த வயல்களில் நிற்கிற சீமையில் இந்தப் பண்டம் வேர்விட்டதில் வியப்பில்லை.

வீட்டுக்கு வீடு கலவை மாறுகிறதே, எதை வரையறுப்பது என்பது அடுத்த கேள்வி. சிலர் அரிசி போடுவார்கள், சிலர் ஏலக்காய் சேர்ப்பார்கள். அழிஞ்சில் கிடைக்காத இடத்தில் வாதநாராயணன் குச்சி வரும். ஜப்பானில் மே 5ஆம் நாள் பிள்ளைகளின் விழாவுக்கு உண்ணும் காஷிவாமோச்சி என்ற அரிசிமாவுப் பண்டத்தை நினைத்துப் பார்க்கலாம். புதுத் துளிர் வரும்வரை பழைய இலை உதிராத கருவாலி வகை மரத்தின் இலையில் அதைச் சுற்றுகிறார்கள், குலம் அறாமல் தொடரவேண்டும் என்று. அந்த மரம் அரிதான மேற்கு ஜப்பானில் ஒரு காட்டுக்கொடியின் இலையைப் பயன்படுத்துகிறார்கள். இலை மாறியதால் பண்டத்துக்குத் தலைப்பு இல்லாமல் போகவில்லை. இலை எங்கே ஏன் மாறுகிறது என்பதே தலைப்பின் கீழ் எழுதத்தக்க வரலாறு ஆனது. அழிஞ்சிலுக்கும் வாதநாராயணனுக்கும் இடையிலான எல்லை நம் ஊர்களில் எங்கே ஓடுகிறது என்று வரைந்தால், காட்டுமரங்களின் இருப்பும் அதில் தெரியும்.

எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு பெயர் பற்றியது. இந்தப் பண்டத்துக்குத் தனிப்பெயர் இல்லை. ஊரார் சொல்வது ‘தேங்காய் சுடுற நோம்பி’. அது நாளின் பெயர். அப்படியென்றால் இது பண்டமா வழக்கமா என்று களஞ்சியக்காரர் தயங்குவது இயல்புதான். ஆனால் பொங்கல் என்று சொல்லும்போது பானையில் இருப்பதையும் நாளையும் சேர்த்தேதான் தமிழில் சொல்கிறோம்; யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. அந்த வழியிலேயே நாளின் பெயரைத் தலைப்பாக வைக்கலாம். பாரதப் போர் ஆடி 1இல் தொடங்கி 18இல் முடிந்தது, போருக்கு முன் பிள்ளையாரை வேண்டிச் சுட்டதே இது என்ற கதையையும் சேர்க்கவேண்டும், மக்கள் சொல்லும் காரணமாக. முதல் நாளையும் 18ஆம் நாள் ஆடிப்பெருக்கையும் ஒரே சரட்டில் கோக்க, புதுவெள்ளத்துக்குக் காத்திருந்த காவிரிக்கரை மக்கள் கண்ட வழி அது என்று நான் வாசிக்கிறேன். புதிதாக மணமான மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் அன்று தாய்வீட்டில் நடக்கும் தலையாடி விருந்தும் அந்தப் பதிவுக்குள் வரவேண்டும். அப்புறம் ‘அழிஞ்சில்’ என்ற தலைப்புக்குப் போய், மரத்தின் மருத்துவக் குணங்களுக்குக் கீழே ஒரு வரி சேர்க்கவேண்டும்: காண்க, தேங்காய் சுடும் நோம்பி.